எதிரில் நிற்கிறவர்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஏன்டா, மணி ஐயர் போயிட்டாராமே?"

எந்த மணி ஐயர் என்று எனக்குச் சட்டெனப் பிடிபடவில்லை. ஊரில் தெரிந்தவர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் என்று மனசு ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தது. டிவி முன்னால் போய் நின்ற பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் இரவு டெல்லி கணேஷ் சென்னையில் காலமாகிவிட்டார். வயது 80. அம்மா சொன்னது 'மைக்கேல் மதன காமராஜன்' படத்துச் சமையல்காரரை.

அன்று முழுக்க வந்த போன்களில் ஒன்றைக் கவனித்தேன். பெரியப்பா "அந்த மிருதங்கக்காரர்" என்றார். அத்தை "தெனாலியில பொறாமைப்படுற டாக்டர்" என்றார். என் நண்பன் "நாயகன் ஐயர்டா" என்றான். பெயரைச் சொல்லி ஆரம்பித்தவர்கள் குறைவு. நானூறுக்கும் மேல் படங்களில் நடித்த ஒருவர், ஆளுக்கு ஒரு மனிதராக எங்கள் வீடுகளுக்குள் இருந்திருக்கிறார். எல்லோரும் சொந்தக்காரர் இறந்ததைப் போலவே பேசினார்கள்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. ஆனால் என்ன எழுதுவது என்று எனக்குத் தெளிவாக இல்லை. அது தெளிவானது, பழைய ஒரு ஞாபகம் வந்த பிறகு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். எனக்குக் கதாநாயகனின் நண்பன் வேஷம். மொத்தம் பதினான்கு வசனம். பதினான்கையும் தலைகீழாகச் சொல்லுமளவுக்கு உருப்போட்டு வைத்திருந்தேன். நாடகத்தை இயக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் சபா நாடகங்களில் நடித்தவர். நாங்கள் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஒத்திகையில் நான் பேசி முடித்ததும் அவர் கையைத் தட்டி நிறுத்தினார்.

"தம்பி, உன் வசனம் முடிஞ்சதும் நீ செத்துப் போயிடறே. அடுத்த வசனம் வந்ததும் எழுந்து வரே. நடுவுல ரெண்டு நிமிஷம் மேடையில ஒரு பொணம் நிக்குது."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பேசாதபோது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "கேளு. அவன் சொல்றதைக் கேளு. நாப்பது ஒத்திகை ஆனாலும் இன்னைக்குத்தான் முதல் தடவையா காதுல விழற மாதிரி கேளு. அது வந்துட்டா மத்ததெல்லாம் வந்துடும்" என்றார். அப்புறம் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையா கதை கேட்கும் காட்சியைப் பத்து தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

பார்த்தேன். 1964-இல் வந்த படம். சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், பணக்கார அப்பா பாலையாவுக்குத் தன் திகில் கதையைச் சொல்கிறார். சின்ன வயதிலிருந்து அதை நாகேஷின் காட்சியாகவே நினைத்திருந்தேன். குரலை மாற்றுவதும், சத்தம் எழுப்புவதும், உடம்பை வளைப்பதும் எல்லாம் அவர்தான். பாலையா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே. ஆனால் சார் சொன்ன பிறகு பார்த்தால், பயம் என்பது நாகேஷின் வாயில் இல்லை, பாலையாவின் கண்ணில் இருக்கிறது. அவர் பயப்படுவதால்தான் அது திகில் கதை. அவர் முகத்தை எடுத்துவிட்டால் நாகேஷ் தனியாகக் கத்திக்கொண்டிருப்பார்.

டெல்லி கணேஷ் செய்த வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன். நாற்பத்தேழு வருஷம், இன்னொருவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்ட விதத்தில் எதிரே இருந்தவரை நம்ப வைத்தார்.

சினிமாக்காரர்கள் இந்த வேலைக்கு வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள். பெரிய நடிகரோடு வரும் காட்சி என்றால் 'காம்பினேஷன்'. கதாநாயகனின் தோளுக்கு மேலே கேமராவை வைத்து எதிரில் இருப்பவரை எடுத்தால் 'சஜஷன்'. அவர் முகத்தை மட்டும் தனியாக எடுத்தால் 'ரியாக்‌ஷன்'. கால்ஷீட் நேரம் இழுத்துக்கொண்டே போனால் முதலில் அடிபடுவது இந்த ரியாக்‌ஷன் ஷாட்தான். படத்தொகுப்பில் நீளம் குறைக்க வேண்டும் என்றாலும் கத்தரி போவது அங்கேதான். இதையெல்லாம் தாண்டி ஒரு முகம் நம் நினைவில் தங்குகிறது என்றால், அந்த அரை விநாடிக்குள் அவர் எதையோ செய்திருக்கிறார்.

அவர் பிறந்தது வல்லநாட்டில், 1944 ஆகஸ்ட் 1. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் தாமிரபரணியை ஒட்டிய ஊர் அது. வெளிமான் சரணாலயம் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். 1964 முதல் 1974 வரை பத்து வருஷம் இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் நடிக்க ஆரம்பித்தார். வடக்கே வேலைக்குப் போன தமிழர்கள் சாயங்காலம் கூடி நாடகம் போட்ட இடம். பின்னாளில் பாலசந்தர் வைத்த 'டெல்லி' என்கிற முன்னொட்டு அங்கிருந்துதான் வந்தது.

சென்னைக்கு வந்ததும் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தில் நடித்தார். அதை பாலசந்தர் 1977-இல் படமாக எடுத்தபோது சினிமாவுக்குள் வந்தார். முப்பத்து மூன்று வயது. கதாநாயகனாக அறிமுகமாகிறவர்களுக்கு அது தாமதமான வயது. அப்பாவாகவும் அண்ணனாகவும் நடிக்கப் போகிறவருக்கு அதுவே சரியான வயது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

சபா நாடகம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலையா, எம்.ஆர்.ராதா, நம்பியார் எல்லோரும் சின்னப் பிள்ளையாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய், அங்கேயே தின்று தூங்கி வளர்ந்தவர்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சென்னையில் நாடகம் போட்டவர்கள் வேறு மாதிரி. பகலில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை, சாயங்காலம் ஒத்திகை, சனி ஞாயிறு சபாவில் மேடை. மேடைக்கு மேலே கயிற்றில் மூன்று நான்கு மைக் தொங்கும். வசனம் வருகிறவர் மைக் அருகே வந்து பேச வேண்டும், பேசி முடித்தவர் உறுத்தாமல் விலகி அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும். இடம் கொடுப்பது அங்கே ஒரு தொழில் சுத்தம். சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுவே: "பேசத் தெரியறதுக்கு முன்னாடி நகரத் தெரியணும்." டெல்லி கணேஷின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொங்கும் மைக் என் கண்ணுக்குத் தெரிகிறது. தன் முறை முடிந்ததும் காட்சியை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார். கொடுத்த பிறகும் அங்கேயே உயிரோடு இருப்பார்.

1979-இல் துரை இயக்கிய 'பசி' வந்தது. குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்கு அந்த வருஷத்தின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. எல்லோரும் அந்தப் படத்தை ஷோபாவுக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் அதில் குப்பம்மாவின் அப்பா, ரிக்‌ஷாக்காரர் முனியாண்டி, டெல்லி கணேஷ்தான் என்று சொன்னால் இப்போதும் பலர் நம்புவதில்லை. விமானப்படையில் பத்து வருஷம் இருந்து, சபா மேடையில் மத்தியதரக் குடும்பத்து வேஷங்கள் போட்டு வந்தவர், சினிமாவுக்கு வந்து இரண்டே வருஷத்தில் சென்னைக் குடிசைப் பகுதியின் பேச்சைப் பேசிக்கொண்டு நிற்கிறார்.

நான் அந்தப் படத்தைக் கல்லூரி முடித்த பிறகுதான் பார்த்தேன். பாதிப் படம் வரை அவர்தான் என்று எனக்கே உறைக்கவில்லை. மெட்ராஸ் தமிழைக் கேலிக்குப் பேசுவது சுலபம், எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அதைப் பசியோடும் அவமானத்தோடும் பேசுவது வேறு. அதற்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. தேசிய விருதில் துணைக் கதாபாத்திரங்களுக்கு என்று ஒரு பிரிவே அப்போது கிடையாது. 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அதை முதன்முதலாகக் கொடுத்தார்கள். நாகேஷுக்குக்கூட அந்தப் பிரிவில் 'நம்மவர்' படத்துக்காகக் கிடைத்தபோது காலம் 1994-ஐத் தொட்டிருந்தது. எதிரில் நிற்கிறவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று நாட்டுக்குத் தோன்றவே அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு இதில் இன்னமும் வருத்தம் உண்டு.

'எங்கம்மா மகாராணி' என்ற படத்தில் 1981-இல் கதாநாயகனாகவும் நடித்தார். அந்தப் பாதை நீளவில்லை. அதே வருஷம் பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தார். மனைவியை ஏமாற்றிக் கொடுமைப்படுத்தும் ஒரு கணவனின் குரல். முகமே இல்லாமல் குரலை மட்டும் இன்னொருவர் உதட்டில் வைத்துவிட்டு வருவதும், ஒரு விதத்தில், எதிரில் நிற்பதைவிட ஒரு படி பின்னால் நிற்பது.

'சிந்து பைரவி' (1985) பெரியப்பாவின் படம். கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்ததால், சிவகுமார் நடித்த பாடகர் ஜே.கே.பி.யால் விரட்டப்படும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழுகிறார். குருமூர்த்தி பாத்திரம் சரியாக அமையாமல் போயிருந்தால் சிவகுமாரின் வீழ்ச்சியை அளக்க நமக்குக் கோலே இருந்திருக்காது. எந்த உயரத்திலிருந்து அவர் மற்றவனைப் பார்த்தார் என்பது குருமூர்த்தியின் கூனிய தோளைப் பார்த்துத்தான் நமக்குத் தெரிகிறது.

அப்புறம் 'நாயகன்'. 1987. இந்தப் படத்தைப் பற்றி எழுத வந்தால் கமலையும் மணிரத்னத்தையும் விட்டு நகர முடியாது. நான் நகர்ந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் என் கண் எப்போதும் ஐயரிடம்தான் போகிறது. வேலு நாயக்கருக்கு இந்தி வராது. பம்பாயை ஆளுகிறவருக்குப் பம்பாயின் பாஷை தெரியாது. அவருக்கும் அந்த ஊருக்கும் நடுவே நின்று ஒருவர் மொழிபெயர்க்கிறார். கடத்தல், மிரட்டல், பேரம் எல்லாம் ஐயரின் காது வழியாகப் போய் ஐயரின் வாய் வழியாக வருகிறது.

மொழிபெயர்ப்பாளர் என்பவர் கேட்கிறவர்களிலேயே உச்சம். ஒரு சொல்லையும் விட முடியாது, தன் கருத்தைச் சேர்க்கவும் முடியாது. ஆனால் சொல்லப்போவது என்ன விளைவை உண்டாக்கும் என்பது மற்ற எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த முன்கூட்டித் தெரிந்த பயம் ஐயரின் முகத்தில் எப்போதும் மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்கும். கும்பலில் மற்றவர்கள் அடியாட்களாகத் தெரிவார்கள், இவர் மட்டும் வீட்டில் மனைவி சமைத்துவைத்துக் காத்திருக்கும் மனிதராகத் தெரிவார். வடக்கே வருஷக்கணக்கில் சீருடையில் இருந்தவருக்கு இந்தி நாக்கில் இருந்திருக்கும், அது உதவியிருக்கும். ஆனால் அந்தப் பயம் மொழியறிவால் வருகிற சமாச்சாரம் இல்லை.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவர். பிரான்சிஸ் அன்பரசு. அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜன்'.

அம்மாவின் மணி ஐயருக்கு வந்துவிட்டேன். பெயரே 'பாலக்காட்டு மணி ஐயர்'. மிருதங்கத்தில் அந்தப் பெயருக்கு நிகரில்லை என்பது சங்கீதம் கேட்கிறவர்களுக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் மிருதங்கக்காரராக நடித்தவரே அந்தப் பெயரில் கரண்டி பிடித்து வருகிறார். கிரேஸி மோகனின் வசனம் ஒரு வார்த்தையின் வாலைப் பிடித்து அடுத்த வார்த்தை ஓடுகிற வகை. ஒருவர் அரை விநாடி தாமதித்தால் நகைச்சுவை கீழே விழுந்துவிடும். அதிலும் இவரும் மகன் காமேஸ்வரனாக வரும் கமலும் பேசுவது பாலக்காட்டுத் தமிழ், அதற்கென்று ஓர் இழுவை இருக்கிறது. இழுவையும் வேகமும் ஒன்றுக்கொன்று எதிரி. இருவரும் அதை எப்படிச் சேர்த்தார்கள் என்று எத்தனை தடவை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்த காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் காட்சியில் சிரிப்பைத் தூக்கிப் பிடிப்பது மணி ஐயரின் பயம். அவர் ஒரு நொடியும் சிரிக்க வைக்க முயலவில்லை. ஒரு சமையல்காரருக்கு, அதுவும் ஊர் நம்பிச் சாப்பிடுகிற ஒருவருக்கு, அன்றோடு பிழைப்பு போயிற்று. அவர் அதை அப்படியே நம்பி நிற்கிறார். காமேஸ்வரனை எடுத்து வளர்த்த அப்பா என்பதும் அந்த முகத்தில் இருக்கிறது. மகன் மேல் கோபம் வருகிறது, வந்த வேகத்தில் அவனை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலையாகிறது. பாலையா பயந்ததால் நாகேஷின் கதை திகில் கதையானது என்றேன் அல்லவா? இங்கே மணி ஐயர் பயந்ததால் அது சிரிப்பானது.

இதற்குப் பின் வந்தவற்றைப் பட்டியல் போட ஆசையில்லை. 'அவ்வை சண்முகி', 'தெனாலி' என்று எல்லோருக்கும் தெரிந்தவை இருக்கின்றன. 1994-இல் கலைமாமணி விருது கொடுத்தார்கள். ஐயர் வேஷம் என்றால் அவரைக் கூப்பிடு என்று ஒரு பழக்கம் உண்டாகி, அதே சட்டகத்தில் அவரைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். முனியாண்டியைச் செய்துகாட்டியவருக்கு இன்னும் நாலு முனியாண்டிகள் வந்திருக்க வேண்டும். வராமல் போனதில் நட்டம் நமக்குத்தான்.

சின்னத்திரை அவரைப் போன்றவர்களை நம்பித்தான் எழுந்து நின்றது. மெகா தொடர்களின் படப்பிடிப்பு எப்படி என்று ஒரு தொடரில் வேலை செய்த நண்பன் சொல்லியிருக்கிறான். காலையில் செட்டுக்கு வந்த பிறகுதான் பல நாள் வசனமே கைக்கு வரும். பக்கத்தில் ஒருவர் நின்று வசனத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அதைக் காதில் வாங்கி, எதிரில் இருப்பவரையும் பார்த்து, அன்றைக்குள் இத்தனை காட்சி என்று முடித்தாக வேண்டும். பழக்கமில்லாதவர்களின் கண் எடுத்துக் கொடுப்பவர் பக்கமே போய்விடுமாம். மேடையில் வளர்ந்தவர்களுக்கு அது பிரச்சினையில்லை, ஏனென்றால் மனப்பாடம் அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. இளம் நடிகர்கள் தடுமாறினால், இவர்கள்தான் ஒரு வார்த்தையை முன்னே பின்னே போட்டுக் காட்சியைக் கரை சேர்ப்பார்கள் என்றான்.

தொடர்களில் இன்னொன்று உண்டு. யாராவது ஒன்றைச் சொன்னால் வீட்டில் இருக்கும் அத்தனை பேர் முகத்துக்கும் கேமரா போகும், ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடி முழக்கம். எல்லோரும் கண்ணை விரிப்பார்கள். டெல்லி கணேஷ் வரும் தொடர்களில், அவர் முகம் வரும்போது மட்டும் அந்த இடி சத்தம் அதிகப்படியாகத் தெரியும். அவர் கண்ணை விரித்திருக்க மாட்டார். சாய்வு நாற்காலியின் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருப்பார். எண்பது வயதை நெருங்கும்போதும் குறும்படம் எடுக்கும் பையன்கள் போய்க் கேட்டால் நடித்துக் கொடுத்தார். அந்தச் சின்னப் படங்களில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சமும் ஒலியும் தட்டுத் தடுமாறும், அவர் உட்கார்ந்து கேட்கும் இடங்கள் மட்டும் உறுதியாக நிற்கும்.

இறுதி அஞ்சலிக்கு விமானப்படையினர் வந்து மரியாதை செய்தார்கள் என்று செய்தியில் பார்த்தபோது அம்மா ஆச்சரியப்பட்டாள். "இவர் பட்டாளத்துலயா இருந்தார்?" அத்தனை வருஷம் பார்த்தும் அது அவளுக்குத் தெரியாது.

போன பொங்கலுக்கு ஏதோ ஒரு சேனலில் 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடிக்கொண்டிருந்தது. சார் சொன்னதை ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, மற்ற யாரையும் பார்க்காமல் மணி ஐயரை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். கல்யாண வீட்டு அடுப்படி. எதிரில் கமல் ஏதோ சொல்கிறார். அது நல்ல சேதியா கெட்ட சேதியா, எத்தனை கெட்டது, எந்த வார்த்தையில் மனிதருக்கு அடிவயிறு கலங்கியது என்று எல்லாம் ஊமையாகவே தெரிந்தது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அம்மா வந்தாள். "சத்தத்தை ஏன்டா கொறச்சு வச்சிருக்கே?" என்றாள். சும்மாதான் என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள், திரையில் அவர் உதடு அசைந்ததற்குச் சரியாக, அதே பாலக்காட்டு இழுவையில், மணி ஐயரின் வசனத்தை அம்மா சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.